மூட்டை கட்டும் மென்பொருள்

பெரிய டாக்டரின் உதவியாளர் போனில் சொன்னதில் பயப்பட ஒன்றுமே இல்லை.

"பழைய ஸ்கேன், புது ஸ்கேன் ரெண்டையும் ஒரே ஃபைலாக் கட்டி எங்க தளத்துல ஏத்திடுங்கம்மா. தனித்தனிப் படமா ஏத்தினா வாங்காது. ரொம்பக் கனமா இருந்தாலும் துப்பிடும். டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவார்."

"சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தபோது அவளுடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ஃபைல் கட்டுவது அவளுக்குப் புதிய வேலையல்ல. மருந்து அட்டைப்பெட்டியும் சோப்பு உறையும் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் அவள் பக்கம் அமைப்பவள். நாள் முழுக்கப் படங்களையும் எழுத்துகளையும் பொருத்துவாள். சாயங்காலம் எல்லாவற்றையும் சுருக்கி ஒன்றாகக் கட்டி, அச்சுத் தகடான ப்ளேட் போடும் பிரிவுக்கு அனுப்புவாள். அங்கே அதற்கு 'மூட்டை கட்டுவது' என்றே பெயர். "மூட்டை வந்துடுச்சா?" "கட்டிட்டே இருக்கேன்" என்று பேச்சு போகும். தவறாகக் கட்டினால் ஆயிரக்கணக்கான சோப்பு உறை குப்பைக்குப் போகும், முதலாளி குதிப்பார். அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்காது.

இந்த மூட்டை அப்படியில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பீப்பாய். "பீப்பாய் ஏறிட்டான், ரெண்டு பேர் இறங்குங்கப்பா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டு, வேண்டுமென்றே லிஃப்டுக்குள் ஒரு குதி குதிப்பான். போன வருடம் அந்த வயிற்றுக்குள், இரைப்பைக்குப் பின்னால், ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வேறு ஊரில் இருக்கும் பெரிய டாக்டரிடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் கட்டியை அளந்து எழுதிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மருந்துல கரையுதான்னு பார்ப்போம். கரையலைன்னா திறந்துதான் எடுக்கணும். பெரிய ரத்தக் குழாயோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நல்ல இடம் இல்ல. மேசையில என்ன வேணாலும் ஆகலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மேசை என்ற சொல்லே அன்றிலிருந்து அவளுக்கு ஆகாமல் போனது. சாப்பிடும் மேசையைத் துடைக்கும்போதுகூட, நடுவில் வந்ததும் கை தயங்கும்.

மாதக்கணக்கில் மருந்து ஏறியது. பீப்பாய் வற்றினான். சட்டை அவன்மேல் கொடியில் கிடப்பதுபோல் கிடந்தது. மருந்து முடிந்ததும் உள்ளூர் ஸ்கேன் சென்டரில் புதிதாகப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர் விடுமுறையில் போயிருந்தார். அறிக்கை பிறகு வரும் என்று குறுந்தட்டை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஸ்கேன் சென்டர்காரர்களுக்குப் பெயர் வைக்கும் பொறுமை கிடையாது. இரண்டிலும் படங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்கள்தான்.

'புதுசு' என்பதைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பழசு பழகியது. அதில் கட்டி தெரியும் படங்கள் எவை என்று அவளுக்கு மனப்பாடம். வீட்டில் தனியாக இருக்கும்போது அவற்றைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். இருட்டாக இருக்கும் படத்தைக் கண்டால் அச்சகத்துக் கை சும்மா இருக்காது. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுவாள். கட்டியின் ஓரம் சாம்பலிலிருந்து எழும்பி வரும். அது எங்கே குழாயைத் தொடுகிறது, விரல் நுழையும் அளவாவது இடைவெளி இருக்கிறதா என்று தேடுவாள். மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கும். யோசிக்காமல் சேமிப்பாள். புது ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த சாயங்காலம்கூட, புதியதை விட்டுவிட்டுப் பழைய படங்களைத்தான் அப்படித் திறந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் கொழுந்தன் வந்தான். வீட்டில் அவனுக்குப் பெயர் சின்னவன். போன் விற்கும் கடையில் வேலை. உலகத்தில் எல்லா மென்பொருளும் அவனுக்கு இலவசமாகவே கிடைக்கும்.

"என்ன அண்ணி, கம்ப்யூட்டரை முறைச்சுப் பார்த்துட்டு இருக்கீங்க? அது என்ன உங்க வீட்டுக்காரரா?"

"இதைச் சுருக்கிக் கட்டணும் தம்பி. எதுல கட்டறதுன்னு தெரியல."

"உங்களுக்கே தெரியலையா? அச்சகமே உங்க மூட்டையிலதான் ஓடுதுன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

"சோப்பு உறைன்னா எதுல வேணாலும் கட்டலாம். இது உங்க அண்ணன் வயிறு."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "என் வயிறு ஏற்கெனவே சுருங்கிடுச்சு. இன்னும் சுருக்கணுமா?"

சின்னவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய பயம் வேறு. சில வகைச் சுருக்கல் படத்தைத் தின்றுவிடும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை அது எடுத்துவிடும். அட்டைப்பெட்டியில் ரோஜாப்பூ கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டிக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளி மங்கினால்? அல்லது இல்லாத ஒரு நிழல் புதிதாக முளைத்தால்?

"கட்டறதுல படம் கெடாது அண்ணி. பிரிச்சா உள்ளதை உள்ளபடி தரும். எங்க கடையில எல்லாரும் போடற மென்பொருள் ஒண்ணு இருக்கு, போட்டுத் தரட்டா?"

முதலில் கம்ப்யூட்டரோடு கூடவே வந்த சுருக்கியைப் பார்த்தாள். அது இரண்டு ஃபோல்டரையும் கட்டிக் கொடுத்தது. ஆனால் எடை குறையவே இல்லை. தளம் வாங்கும் அளவைவிட மூட்டை பெரிதாகவே நின்றது. பிறகு சின்னவன் தன்னுடையதை இறக்கிப் போட்டான். அது கொஞ்சம் குறைத்தது, போதவில்லை. அதோடு திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது: 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது!'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விளம்பரம் அண்ணி. எல்லாரையும் அப்படித்தான் மிரட்டும்."

"எடுத்துடு தம்பி. எனக்கு இருக்கிற ஆபத்து போதும்."

கடைசியில் அச்சகத்தில் பயன்படுத்துவதையே போட்டாள். காசு கட்டி வாங்கியது, விளம்பரம் வராது, வருடக்கணக்காகக் கைக்குப் பழகியது. அங்கே அதில் டிக் போட்டு வைத்திருக்கும் அமைப்புகளை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தாள். இரண்டு ஃபோல்டரையும் இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு ஓடி முடிந்தது.

மூட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. சின்னவன் விசிலடித்தான். "அடேங்கப்பா! காசு வாங்கறவன் வேலை செய்யறான்."

பாதியா? இந்த மாதிரிப் படங்கள் அவ்வளவு சுருங்காதே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியது உண்மை. ஆனால் தளம் கேட்ட அளவுக்குள் மூட்டை அடங்கிவிட்ட நிம்மதி அந்த எண்ணத்தை ஓரம் தள்ளியது. படம் கெட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். மூட்டைக்குள்ளிருந்து, தனக்கு மனப்பாடமான கட்டிப் படத்தைத் திறந்து, பழசு ஃபோல்டரில் இருக்கும் அதே படத்தின் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளி குறையவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அனுப்பினாள்.

அதன்பிறகு வீடு காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. போன் அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். எரிவாயுக்காரன், கடன் அட்டை விற்பவள், சின்னவன். அச்சகத்தில் ஓர் உறையில் நிறத்தை மாற்றிப் போட்டாள். "உடம்பு இங்க, உசிரு எங்கேயோ" என்று முதலாளி முணுமுணுத்தார். அவருக்கும் விஷயம் தெரியும், அதனால் அதற்கு மேல் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் உதவியாளர் கூப்பிட்டார். குரலில் எப்போதும் இருக்கும் அவசரம் இல்லை. அவள் பயப்பட அதுவே போதுமாக இருந்தது.

"டாக்டர் பார்த்துட்டார்மா. கட்டி அப்படியே இருக்கு. அன்னிக்கு அளந்த அதே அளவு. மருந்து துளிகூட வேலை செய்யலைங்கறார். தள்ளிப்போட வேணாம்னு சொல்றார். நாளைக்குக் காலையில ஒரு இடம் காலி இருக்கு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள வந்து சேர்ந்துட முடியுமா? வெறும் வயித்தோட இருக்கச் சொல்லுங்க. டாக்டர் வட்டம் போட்ட படத்தை அனுப்பறேன்."

அவள் சரி என்றாளா, ஒன்றும் சொல்லவில்லையா என்பது அவளுக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் எல்லாவற்றையும் அவள் முகத்திலிருந்தே படித்துவிட்டான். எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்த பையை எடுத்து, தூசியைத் தட்டினான்.

இருவரும் பையில் அடுக்கினார்கள். இரண்டு சட்டை, துண்டு, மாத்திரைகள், செருப்பு. எத்தனை நாளுக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதிலாக எதுவும் வரலாம். மூன்றாவது சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, வைக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். வைக்காவிட்டால் என்ன பொருள் என்று தோன்றியதும், அவசரமாகத் திணித்தாள்.

போன் சிணுங்கியது. படம் வந்திருந்தது. அவளால் பார்க்க முடியவில்லை. அவன் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். வெகுநேரம் பார்த்தான்.

"இது யாரு?"

"விளையாடாதீங்க."

"விளையாடலை. இங்க வா. வட்டத்தை விடு, சுத்தி இருக்கிறதைப் பாரு."

குறுக்கே அறுத்த பழம்போல இருந்தது உடம்பு. நடுவில் குடலும் எலும்பும், சிவப்பு வட்டத்துக்குள் அந்தக் கட்டி. அதையெல்லாம் சுற்றி, வெளி ஓரத்தில், தடித்த சாம்பல் நிற வளையம்.

"அந்த வளையம் என்னது?"

"கொழுப்பு" என்றாள். பழைய படங்களைக் காட்டிய அன்று டாக்டர் கேலியாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். காற்று போன பந்துபோல வயிற்றுத் தோல் மடிந்து தொங்கியது. "இவ்ளோ கொழுப்பு இந்த உடம்புல எங்கடி இருக்கு? இது நான் இல்ல. இது பீப்பாய்."

பயத்தில் எதையோ பிடித்துத் தொங்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பாவமாக இருந்தது. பிறகு போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். படத்தில் கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. மூலையில் இருந்த பொடி எழுத்துகள் அந்த வெளிறலில் கரைந்துபோயிருந்தன. வெளிச்சம் ஏற்றிய படம். யாரோ ஏற்றியது அல்ல, அவள் ஏற்றியது. தன் கையெழுத்தை எதிர்பாராத இடத்தில் பார்த்ததுபோல இருந்தது.

கம்ப்யூட்டருக்கு ஓடினாள். அனுப்பிய மூட்டையைப் பிரித்தாள். உள்ளே பழசும் இல்லை, புதுசும் இல்லை. எல்லாப் படங்களும் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒல்லியான உடம்பு, ஒல்லி, ஒல்லி. திடீரென்று பீப்பாய், கட்டியோடு. நாலைந்து படம் தாண்டி மறுபடியும் ஒல்லி. படங்களைத் தள்ளத் தள்ள, ஒரே மனிதன் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக் காட்டிவிட்டு விட்டதுபோல இருந்தது.

அமைப்புகளைத் திறந்தாள். இரண்டு டிக். இரண்டும் அச்சகத்தின் விதிகள். முதலாவது, உள்ளே ஃபோல்டர் வேண்டாம், எல்லாம் ஒரே குவியலாக இருக்கட்டும்: ப்ளேட் போடும் இயந்திரம் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்க்காது. இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு வந்தால் கடைசியாகத் திருத்தியதை வைத்துக்கொள்: வாடிக்கையாளர் திருத்திக் கொடுத்த உறைதான் அச்சுக்குப் போக வேண்டும், பழையது தவறியும் போகக்கூடாது. அங்கே எத்தனையோ தடவை அவளைக் காப்பாற்றிய விதிகள்.

இங்கே இரண்டு ஃபோல்டரிலும் ஒரே எண்கள். அதனால் மூட்டை பாதியானது. ஒவ்வோர் எண்ணுக்கும் புதிய ஸ்கேனே நின்றது, ஒரு சில படங்களைத் தவிர. அவள் பயந்து பயந்து திறந்து, வெளிச்சம் ஏற்றி, சேமித்த படங்கள். கட்டி இருக்கும் படங்கள். தேதிப்படி அவைதான் எல்லாவற்றையும்விடப் புதியவை.

"நான்தாங்க" என்றாள். "நான்தான் அனுப்பியிருக்கேன். பழைய கட்டியை."

அவள் திக்கித் திணறி விளக்கியதை அவன் நின்றபடியே கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"சரி. அப்போ வட்டம் போட்ட இடத்துல இப்ப என்ன இருக்கு?"

அதுதான் கேள்வி. 'புதுசு' ஃபோல்டரை அவள் இதுவரை திறந்ததே இல்லை. அவனே சுட்டியை வாங்கித் திறந்தான். அதே எண். மெல்லிய வளையம், ஒல்லியான உடம்பு, உள்ளே சாம்பலும் கருப்புமாகக் குழைந்த ஏதேதோ. கட்டி இருந்த இடத்தில் ஒரு கீற்று. அது கட்டியா, குடலா, நிழலா என்று இருவருக்கும் தெரியவில்லை. நெருங்கிப் பார்க்கப் பார்க்க எல்லாமே கட்டி மாதிரி இருந்தது.

உதவியாளர் முதலில் நம்பவில்லை. "எல்லாரும் கடைசி நேரத்துல இப்படித்தான்மா சொல்லுவாங்க. பயம் வரும், புரியுது. டாக்டர் இப்ப ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். நீங்க கிளம்பி வாங்க."

"பயந்து சொல்லலைங்க. தப்பு என்னோடது. மூட்டை கட்டினதுல ரெண்டும் கலந்துபோச்சு. புதுசை மட்டும் தனியா அனுப்பறேன், ஒரே ஒரு தடவை டாக்டர் கண்ணுல காட்டிடுங்க. அப்புறம் நீங்க சொல்றதைக் கேட்கறேன்."

"ரெண்டு மூட்டையா அனுப்புங்க. பழசு, புதுசுன்னு பேர் போட்டு. குறுந்தட்டுல இருந்தே எடுங்க, கம்ப்யூட்டர்ல இருக்கிறதைத் தொடாதீங்க."

குறுந்தட்டுகளைத் தேடி எடுத்தாள். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த சுருக்கியில், அது எதையும் சுருக்காவிட்டாலும் பரவாயில்லை, தனித்தனியாகக் கட்டினால் தளம் வாங்கிவிடும் என்று, இரண்டு மூட்டையாகக் கட்டினாள். அனுப்பும் முன் பிரித்து, ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "போதும், அனுப்பு" என்று அவன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போவதா, இருப்பதா? சின்னவன் வண்டியோடு வந்து, விஷயத்தைக் கேட்டுப் பேயறைந்ததுபோல் நின்றான்.

"அண்ணி, அன்னிக்கு நான் விசிலடிச்சேனே..."

"நீ என்ன பண்ணுவே தம்பி."

பை வாசலில் இருந்தது. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வெறும் வயிறு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தவள், கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. உதவியாளர் இல்லை. டாக்டரே பேசினார்.

"இப்போதான் வெளியில வந்தேன். புதுசைப் பார்த்தேன். அந்த இடத்துல ஒரு கோடு மாதிரிதான் இருக்கு. தழும்பா இருக்கலாம். திறக்க வேணாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுங்க."

"டாக்டர், நீங்க பார்த்தது புதுசுதானே? நிச்சயமா புதுசா?"

"மூலையில தேதி இருக்கும்மா. தேதியைப் பார்த்துட்டுத்தான் பேசறேன்." போனின் அந்தப் பக்கம் ஓர் இருமல். குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை தணிந்திருந்தது. "நாளைக்குக் காலையில நான் அவரைத் திறந்திருப்பேன்மா."

அவர் போனை வைத்ததும், சொன்னதையெல்லாம் அவள் இருவரிடமும் அப்படியே சொன்னாள்.

சின்னவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "விடுடா, எலும்பு உடையப் போகுது, பழைய மெத்தை இல்ல உள்ள" என்றான். செருப்பைக் கழற்றினான். பையைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தான். "பசிக்குது. ஏதாவது செய்டா" என்று தம்பியைச் சமையலறைக்கு அனுப்பினான்.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அச்சகத்து மென்பொருளை நீக்கியாகிவிட்டது. ஆனாலும் எழ முடியவில்லை. 'இருக்கலாம்' என்றுதானே சொன்னார்? தழும்பு என்று சொல்லவில்லை, தழும்பாக இருக்கலாம் என்றார். புதுசு ஃபோல்டரைத் திறந்தாள். அதே எண். மெல்லிய வளையத்துக்குள் அந்தக் கீற்று. எவ்வளவு இருட்டாக இருக்கிறது! ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் பார்த்துவிடலாம். கொஞ்சம் போதும். சுட்டி தானாகவே அந்தப் பக்கம் நகர்ந்தது.

பின்னால் வந்து நின்றவனின் கை, எலும்பும் நரம்புமாக, அவள் கையின் மேல் அமர்ந்தது.

"கையை எடு" என்றான்.